குடிகாரனுக்கு ஒரு கிண்ணம்

அந்த வீட்டில் குடிப்பவன் ஒருவன்தான். அவனும் உள்ளே வருவதில்லை. நான்கு சக்கரத்தில் வாசலோடு நின்றுகொள்வான். கார் என்றால் பெட்ரோல் குடிக்கத்தான் செய்யும், அதை யாரும் குறை சொல்லப்போவதில்லை. இவன் குடித்தது இன்ஜின் ஆயில். ஒரு லிட்டர் பாட்டிலை முழுசாகக் கவிழ்த்தாலும் பத்துப் பன்னிரண்டு நாள்தான். அப்புறம் ஆயில் அளவு பார்க்கிற டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்தால் நுனியில் மட்டும் கண்ணுக்கு மை தீட்டின மாதிரி கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும். தரையில் ஒரு சொட்டு ஒழுகியிருக்காது. உள்ளேயே வைத்து எரித்துப் பின்வழியாக நீலப் புகையாக விட்டுவிடுவான். குடிகாரன் என்று பெயர் வைத்தவர் வீட்டுக்காரர். "குடிகாரனுக்கு ஊத்தியாச்சா?" என்பது அந்த வீட்டில் காலையில் பேசும் முதல் பேச்சு.

அதே வீட்டில் தண்ணீர்கூட இஷ்டத்துக்குக் குடிக்க முடியாத ஒருத்தி இருந்தாள்.

தெருவில் அவளுக்குப் போர்டு அக்கா என்று பெயர். கடைத்தெருவில் பாதிக் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதியது அவள் கைதான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் இரண்டு சிறுநீரகமும் கைவிரித்துவிட்டன. அதிலிருந்து திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் எழுபது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஆஸ்பத்திரிக்குப் போய், நான்கு மணி நேரம் மிஷினோடு படுத்து, ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வர வேண்டும். பஸ்ஸில் போனால் இரண்டு இடத்தில் மாற வேண்டும். திரும்பும்போது அவளால் நிற்க முடியாது. ஒருமுறை பஸ் படியிலேயே மயங்கி விழுந்திருக்கிறாள். அவளை அந்த மிஷினுக்குக் கொண்டு சேர்க்க உலகத்தில் இருந்தது இந்தக் குடிகாரன் ஒருவன்தான்.

குடித்த தண்ணீர் வெளியே போகாத உடம்பு. அதனால் ஒரு நாளைக்கு அறுநூறு மில்லிதான், மருந்து விழுங்குவதும் அதற்குள்ளேதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவள் வீட்டுக்காரர் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவர். கால் பாயிண்ட் பிசகினாலும் ஒத்துக்கொள்ளாத தொழில். ஒரு சின்ன எவர்சில்வர் கிண்ணத்தில் நூற்றிருபது மில்லி அளந்து ஊற்றி, உள்ளே ஊசியால் கோடு கீறிக் கொடுத்தார். ஒரு நாளைக்கு ஐந்து கிண்ணம். மிஷினுக்குப் போகிற நாளில் மத்தியானம் வரைக்கும் இரண்டே கிண்ணம். தாகம் என்பது தொண்டையில் இருக்கிற விஷயம் என்று நினைப்பவர்களுக்குத் தாகத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. அது காதில் இருக்கும். பக்கத்து வீட்டில் யாரோ வாளியில் தண்ணீர் பிடிப்பது இவளுக்குக் கேட்கும். அடுப்படிக் குழாய் சொட்டுவது கேட்கும்.

ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு தடவையும் முதலில் எடை பார்ப்பார்கள். கூடியிருக்கிற எடை முழுக்கத் தண்ணீர். "ஒரு மடக்குதானேன்னு குடிச்சிருப்பீங்க. அப்படித்தான் எல்லாரும் சொல்றாங்க. சிறு துளி பெருவெள்ளம். சேமிப்புக்குச் சொன்னதை நீங்க நுரையீரலுக்குச் செய்றீங்க" என்பாள் நர்ஸ். நல்ல பெண்தான், வாய்தான் கத்தி.

குடிகாரன் குடித்துக்கொண்டு ஓடியிருந்தால்கூடப் பரவாயில்லை, யானையைக் கட்டித் தீனி போட்டோம் என்று போயிருக்கலாம். ஆயில் எரிந்து எரிந்து பிளக்கில் கரி படிந்து, ஓடும்போதே இன்ஜின் நிற்க ஆரம்பித்தது. முதல் தடவை ரயில்வே கேட்டில். முன்சக்கரம் தாண்டிவிட்டது, பின்சக்கரம் தண்டவாளத்தின் மேல். கேட்காரரும் எதிரே நின்ற லாரிக்காரரும் ஓடிவந்து தள்ளினார்கள். அன்றைக்கு மிஷின் தவறியது. மறுநாள் விடிவதற்குள் அவளுக்கு மூச்சு முட்டியது. படுத்தால் தண்ணீருக்குள் முக்கியது போல இருந்தது. நான்கு தலையணையை முட்டுக் கொடுத்து உட்கார்ந்து, வீட்டுக்காரர் முதுகைத் தடவிக்கொண்டே இருக்க, ஒவ்வொரு மூச்சையும் தானே இழுத்து இழுத்து விட்டாள். ஆம்புலன்ஸ் வந்து சேர ஒன்றரை மணி நேரம் ஆனது. இரண்டாவது தடவை மேம்பாலத்தின் ஏற்றத்தில் நின்றான். அதற்குப் பிறகு வண்டி கொஞ்சம் வேகம் எடுத்தாலே அவளுக்குக் குமட்டும்.

வண்டிக்கு ஐந்து வருஷ வாரண்டி. வருகிற முப்பதாம் தேதியோடு முடிகிறது. கம்பெனியே இன்ஜினை மாற்றிக் கொடுத்தால்தான் உண்டு. வீட்டுக்காரர் சர்வீஸ் சென்டருக்கு நடையாக நடந்தார். அங்கே இருந்த சூப்பர்வைசர் கழுவுகிற மீனில் நழுவுகிற மீன். கடைசியில் அவன் ஒரு வழி சொன்னான்.

"ஆயில் டெஸ்ட் போடலாம் சார். ஃபுல்லா ஊத்தி சீல் வச்சுத் தருவோம். ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டர் ஓட்டிட்டு வாங்க. நடுவுல ஒரு சொட்டு ஊத்தக் கூடாது, வண்டியில பாட்டிலே இருக்கக் கூடாது. ஒன்றரை லிட்டருக்கு மேல குறைஞ்சிருந்தா கம்பெனி ஒத்துக்கும். சீல் உடைஞ்சிருந்தா எல்லாமே கேன்சல்."

"அது ரெண்டு லிட்டருக்கு மேலயே குடிக்கும் தம்பி" என்று சொல்லும்போது வீட்டுக்காரர் முகத்தில் பரீட்சைக்கு முந்தியே கேள்வித்தாளைப் பார்த்துவிட்ட சந்தோஷம்.

சீல் என்றதும் போர்டு அக்கா அரக்கும் முத்திரையுமாக என்னவோ நினைத்தாள். ஒரு பையன் பிரஷை எடுத்து வந்து, ஆயில் மூடியிலிருந்து இன்ஜின் வரைக்கும் குறுக்கே மஞ்சள் பெயிண்டில் ஒரு கோடு இழுத்தான். டிப்ஸ்டிக் மேலேயும் ஒன்று. மூடியைத் திருகினால் கோடு வெடிக்கும், அவ்வளவுதான். எனாமல் மஞ்சள். கோடும் நேராக இல்லை.

ஒன்றாம் தேதி திங்கட்கிழமை டெஸ்ட் தொடங்கியது. வீட்டுக்காரர் பாட்டில்களை டிக்கியிலிருந்து எடுத்து அடுப்படி மேடைக்குக் கீழே தள்ளினார். போக வர நூற்று நாற்பது, பதினோரு தடவை போனால் கணக்கு முடிந்துவிடும் என்றார். திங்களும் புதனும் ஒன்றும் ஆகவில்லை. வெள்ளிக்கிழமை மேம்பாலம் ஏறும்போது இன்ஜினுக்குள்ளிருந்து டக் டக் டக் என்று ஒரு சத்தம் வந்தது. வறண்ட தொண்டையால் எச்சில் விழுங்குகிற சத்தம்.

"ஏங்க, கேக்குதா?"

"கேக்குது. காயட்டும். நல்லா காஞ்சாத்தான் நமக்கு இன்ஜின் வரும்."

அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் அவள் கண்ணுக்கு ரயில்வே கேட் தெரிந்தது, நான்கு தலையணை தெரிந்தது. இன்னும் எட்டுத் தடவை. இதில் ஒரு தடவை நின்றாலும் அவள் கதை முடிந்தது. இன்ஜின் வந்து யாரை ஏற்றிக்கொண்டு போகும்?

சனிக்கிழமை அவர் கடைக்குப் போன பிறகு அவள் பானட்டைத் திறந்தாள். எவ்வளவு ஊற்றுவது என்று தெரிய வேண்டுமே. கைக்கு அளவு தெரிந்தது அந்தக் கிண்ணம் ஒன்றில்தான். ஒரே ஒரு கிண்ணம். அவர் லிட்டர் லிட்டராகக் கவிழ்த்த இடத்தில் இது எந்த மூலைக்கு? உயிர் போகாத அளவுக்குத் தொண்டையை நனைப்போம், வண்டி டெஸ்டில் தோற்கிற அளவுக்குக் காயவும் விடுவோம் என்று அவள் ஒரு கணக்குப் போட்டாள். மூடியைப் பழைய இடத்துக்கே திருகி, வெடித்த கோட்டின் மேல் பழைய டப்பாவிலிருந்து மஞ்சளைத் தொட்டு ஒரே இழுப்பு. பையன் போட்டதைவிட நன்றாகவே வந்துவிட்டது. பிறகு யோசித்து, கொஞ்சம் கோணலாக்கினாள். இரண்டு வருஷத்துக்குப் பிறகு பிரஷ் பிடித்திருக்கிறாள். வெட்கக்கேடு, அந்தக் கொஞ்ச நேரம் மனசுக்கு நன்றாக இருந்தது.

அதற்கப்புறம் ஒவ்வொரு தடவை போய் வந்த மறுநாளும் ஒரு கிண்ணம். சத்தம் நின்றது. கிண்ணத்தைச் சோப்புப் போட்டுத் தேய்த்துப் பார்த்தாள், புளி போட்டுத் தேய்த்துப் பார்த்தாள். ஆயில் வாசம் போகவில்லை. குடிக்கிற தண்ணீரெல்லாம் இன்ஜின் மணந்தது. அவர் மட்டும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, ஆயில் குறைந்தால் எரிகிற சிவப்பு விளக்கு எப்போது எரியும் எப்போது எரியும் என்று பார்த்தபடி ஓட்டினார்.

"இத்தனை நாள் மொடாக் குடி குடிச்ச பய, பரீட்சைன்னதும் நல்லவன் வேஷம் போடுறான் பாரு" என்று ஒருநாள் சிரித்தார். அவளும் சிரித்து வைத்தாள்.

இருபத்தாறாம் தேதி வெள்ளிக்கிழமை. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில்தான் சர்வீஸ் சென்டர். அவர் காலையில் முகச்சவரம் செய்து சலவைச் சட்டை போட்டிருந்தார். சூப்பர்வைசர் பானட்டைத் திறந்து, டார்ச் அடித்து மஞ்சள் கோட்டைப் பார்த்தான். "சீலெல்லாம் பக்காவா இருக்கு சார்" என்றான். பிறகு ஆயிலை முழுக்க வடித்து, கோடு போட்ட கண்ணாடி ஜாடியில் அளந்தார்கள். இருவரும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்தில் தண்ணீர் மிஷின் ஒன்று குளுகுளுவென்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது.

சூப்பர்வைசர் ஒரு தாளோடு வந்தான்.

"ஒரு லிட்டர் முந்நூறு குறைஞ்சிருக்கு சார். ஒன்றரை வரைக்கும் கம்பெனி அளவு. உங்க வண்டி நார்மல்."

வீட்டுக்காரர் எழுந்தவர் எழுந்தபடியே நின்றார். "இருக்காதே தம்பி. இன்னொரு தடவை அளந்து பாருங்க."

"ரெண்டு தடவை அளந்தாச்சு சார்."

"அப்ப இன்னொரு டெஸ்ட் போடுங்க."

"வாரண்டிக்கு இன்னும் நாலு நாள்தான் இருக்கு. நாலு நாள்ல ஆயிரத்தைந்நூறு எப்படி சார் ஓடும்? ஆமா, வண்டிய மெதுவா ஓட்டினீங்களா?"

"ஆமா. இவங்களுக்குக் குமட்டும். அம்பதுக்கு மேல போகல."

"அதான். மெதுவாப் போனா கம்மியாத்தான் குடிக்கும்."

அந்த மனுஷர் யாரிடமும் கை நீட்டாதவர். சலவைச் சட்டையோடு சூப்பர்வைசரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "தம்பி, இவங்க உயிரே இந்த வண்டியிலதான்யா இருக்கு. எதையாவது எழுதிக் குடுங்கய்யா" என்றார். சூப்பர்வைசர் கையை விடுவித்துக்கொள்ளவும் முடியாமல், அவர் முகத்தைப் பார்க்கவும் முடியாமல், சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தான். போர்டு அக்காவுக்கு அங்கேயே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. உண்மையைச் சொன்னால் சீல் உடைந்த குற்றம். சொல்லாவிட்டால் வண்டி நார்மல். எந்தப் பக்கம் திரும்பினாலும் கதவு சாத்தியிருந்தது. சாத்தியவள் அவளேதான்.

வடித்த ஆயிலைத் திரும்ப ஊற்றி வண்டியைக் கொடுத்தார்கள். காரில் ஏறியதும் அவர் சொன்னார்: "நான்தாம்மா கெடுத்துட்டேன். கொஞ்சம் வேகமா ஓட்டியிருக்கணும்."

அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. இரண்டு கிலோமீட்டர் பொறுத்துப் பார்த்தாள்.

"நீங்க கெடுக்கல. நான் ஊத்துனேன்."

அவர் திரும்பவில்லை.

"அந்தச் சத்தம் கேட்டதிலிருந்து. ஒவ்வொரு தடவை போய்ட்டு வந்தப்புறமும் ஒரு கிண்ணம். நின்னுட்டா செத்துருவேன்னு பயம். வேற ஒண்ணும் இல்ல, உயிர் பயம்தாங்க."

"எத்தனை?"

"ஒம்பது."

அவர் உதடு அசைந்தது. லென்ஸ்காரருக்குக் கணக்குப் போட எவ்வளவு நேரம் ஆகும்? "ரெண்டு கிண்ணம், இருநூத்து நாப்பது. ஏழோட நிறுத்தியிருந்தா இன்ஜின் வந்திருக்கும்" என்றார். வண்டியை ஓரம் கட்டி, இன்ஜினை நிறுத்தி, சாவியை அப்படியே விட்டுவிட்டு இறங்கி நடந்தார். கொஞ்ச தூரத்தில் ஒரு சின்னப் பாலத்தின் கட்டைச் சுவரில், முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார்.

மணி ஒன்று இருபது. இரண்டு மணிக்கு அவள் மிஷின். இரண்டே காலுக்குள் போகாவிட்டால் வேறு ஆளை ஏற்றிவிடுவார்கள். இன்னும் பதினெட்டுக் கிலோமீட்டர். காலையிலிருந்தே கணுக்கால் வீங்கி, செருப்பு வார் பதிந்திருந்தது. அவள் கூப்பிடவில்லை. எந்த முகத்தோடு கூப்பிடுவாள்? அவர் எழுந்து எதிர்த் திசையில் வரும் பஸ்ஸில் ஏறிப் போனாலும் நியாயம்தான் என்று நினைத்தாள். ஏழோடு நிறுத்தியிருந்தால். எட்டாவது ஊற்றிய நாள் நினைவிருந்தது. அன்று மாடிப்படி ஏறியதில் மூச்சு வாங்கியது, பயந்துபோய் ஊற்றினாள். ஒன்பதாவது நேற்று. அதற்குப் பயம்கூட இல்லை. வெறும் பழக்கத்தில் ஊற்றியது.

ஒன்று முப்பத்தைந்துக்கு அவர் எழுந்து வந்தார். அவள் பக்கத்துக் கதவைத் திறந்துகொண்டு நின்றார்.

"பத்து நாளைக்கு முன்னாடி உன் விரல்ல மஞ்சளைப் பார்த்தேன்" என்றார்.

"கேக்கவே இல்லையே நீங்க."

"கேட்டா நிறுத்தச் சொல்லணும். எனக்கு மட்டும் பயம் இல்லையா? அந்தக் கேட்டைத் தாண்டுற வரைக்கும் நான் மூச்சே விடுறதில்ல. ஒரு தடவைதானே ஊத்தியிருப்பா, போகட்டும்னு விட்டுட்டேன்."

ஒரு தடவைதானே. நர்ஸ் கேட்டிருந்தால் இரண்டு பேரையும் ஒன்றாக நிற்க வைத்துத் திட்டியிருப்பாள்.

அவள் அழுதாள். அழுவதற்குக்கூட உடம்பில் தண்ணீர் இருந்தது ஆச்சரியம்தான். தொண்டை ஒட்டிக்கொண்டு இருமல் வந்தது. அவர் பையிலிருந்து பாட்டிலையும் கிண்ணத்தையும் எடுத்தார்.

"வேண்டாங்க. ரெண்டு முடிஞ்சிருச்சு."

"தெரியும். குடி."

கோடு வரைக்கும் ஊற்றினார். ஊற்றும்போது மூக்கைச் சுருக்கினார். "அவனுக்கு ஊத்துனதும் இதுலதானா?"

"அளவு தெரியணுமேங்க."

அவருக்குச் சிரிப்பு வந்தது. பாதியிலேயே அது வேறு என்னவோ ஆகி, முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டார். அவள் மூன்றாவது கிண்ணத்தைக் குடித்து முடித்தாள்.

சாவியைத் திருப்பினார். இன்ஜின் இருமிவிட்டு அடங்கியது. இரண்டாவது தடவையும் அப்படியே. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. மூன்றாவது தடவை பிடித்துக்கொண்டது. பின்னால் நீலப் புகை எழும்பி, கட்டைச் சுவர் கண்ணுக்கு மறைந்தது. அன்றைக்கு அவர் அம்பதைத் தாண்டி ஓட்டினார். அவளுக்குக் குமட்டியது; சொல்லவில்லை.

இரண்டு பத்துக்கு உள்ளே நுழைந்தார்கள். அவள் படுக்கை காலியாகத்தான் இருந்தது. நர்ஸ் எடை மிஷினில் ஏற்றி, முள்ளைப் பார்த்து, புருவத்தை உயர்த்தினாள்.

"மத்தியானத்துக்குள்ள எத்தனை கிண்ணம்க்கா?"

"மூணு" என்றார் வீட்டுக்காரர். "மூணாவது நான் ஊத்தினது. அப்படியே எழுதிக்குங்க சிஸ்டர்."

நர்ஸ் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு எழுதிக்கொண்டாள். ஊசியை ஏற்றி, குழாயை மாட்டி, வழக்கமாகக் கேட்பதைக் கேட்டாள்.

"திங்கட்கிழமை வந்துருவீங்கல்ல?"

வழக்கமாக வந்துருவோம் என்பார். இன்று அவர் ஜன்னல் வழியாக வாசலில் நின்ற காரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வந்துருவோம் சிஸ்டர்" என்றாள் போர்டு அக்கா. "இனிமே ஒளிச்சு ஊத்த வேண்டாம். நின்னு போற வரைக்கும் ஊத்திக்கிட்டே வருவோம்."

குழாயில் அவள் ரத்தம் ஏறி மிஷினுக்குள் போக ஆரம்பித்தது. வீட்டுக்காரர் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு, ஆயில் வாங்கி வர வெளியே போனார்.